ஸ்டேஷனில் அடி, சட்டவிரோதக் காவல்: உயர் நீதிமன்றமா, மாஜிஸ்திரேட்டா, மனித உரிமை ஆணையமா?

கடலூர் பக்கத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. "தம்பியை நேத்து ராத்திரி கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் விடல, மனித உரிமை ஆணையத்துல மனு போட்டா விட்டுடுவாங்களா?" என்று ஒருவர் கேட்பார். "வீட்டுக்காரரை அடிச்சு அனுப்பிட்டாங்க, நடக்க முடியல, ஹைகோர்ட்டுக்குத்தான் போகணுமா?" என்பார் இன்னொருவர். அரசியல் சட்டம் இரண்டு பேருக்கும் ஒரே உரிமையைத்தான் கொடுத்திருக்கிறது. 21-வது பிரிவு உயிரையும் சுதந்திரத்தையும் காக்கிறது, 22-வது பிரிவு கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது. ஆனால் முதலாமவர் ஆணையத்துக்குப் போகக் கூடாது, இரண்டாமவர் ஹைகோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஒரே மனுவை ஜெராக்ஸ் போட்டு கலெக்டர், எஸ்.பி., முதல்வர், ஆணையம், தலைமை நீதிபதி, குடியரசுத் தலைவர் என்று எல்லோருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்த மனுக்களில் முக்கால்வாசி "விசாரித்து அறிக்கை அளிக்கவும்" என்ற குறிப்போடு இறங்கி இறங்கி, எந்த ஸ்டேஷன் மேல் புகாரோ அதே ஸ்டேஷனுக்கே வந்து சேரும். எதிர்த்தரப்புக்கு உங்கள் கதை முழுக்கத் தெரிந்துவிடும், உங்கள் கையில் ஒரு உத்தரவும் இருக்காது. அதனால் ஒரு கதவைத் தேர்ந்தெடுத்து அதை ஒழுங்காகத் தட்டுங்கள்.

எதை வைத்து முடிவு செய்வது

முதலில், ஆள் இப்போது எங்கே? இன்னும் ஸ்டேஷனில் இருக்கிறாரா, ரிமாண்ட் ஆகி ஜெயிலுக்குப் போய்விட்டாரா, வீட்டுக்கு வந்துவிட்டாரா? மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும்? ஆள் வெளியே வர வேண்டுமா, இழப்பீடு வேண்டுமா, அடித்தவருக்குத் தண்டனை வேண்டுமா, இனிமேல் தொல்லை இல்லாமல் இருந்தால் போதுமா? இந்த நாலையும் ஒரே இடம் தராது. கடைசியாகச் சொன்னதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அதே ஊரில் அதே ஸ்டேஷன் எல்லைக்குள்தானே பிள்ளை குட்டிகளோடு இருந்தாக வேண்டும்.

பிறகு காலக்கெடு. சில கதவுகள் ஒரு வருடத்தில் மூடிவிடும். அப்புறம் செலவு. வக்கீல் ஃபீஸை மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள், வாய்தாவுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது, சாட்சி சொல்ல வருகிறவருக்கும் போகிறது. கடைசியாக, யாரும் கேட்காத கேள்வி ஒன்று: இந்தக் கதவைத் தட்டினால் அடுத்த கதவு மூடிக்கொள்ளுமா? இதைக் கேட்காமல் போனதால்தான் நல்ல வழக்குகள் பல வீணாகியிருக்கின்றன.

எந்தக் கதவாக இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி

காயம் இருந்தால் மனு எழுத உட்காருவதற்கு முன் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடலூர் என்றால் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி என்றால் அரசு பொது மருத்துவமனை அல்லது ஜிப்மர். தனியார் ஆஸ்பத்திரியில் போலீஸ் கேஸ் என்றாலே தயங்குவார்கள். அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு ஒன்று இருக்கும், எல்லோரும் ஏ.ஆர். என்றுதான் சொல்வார்கள். அதில் டாக்டர் எழுதும் முதல் இரண்டு வரிகளைத்தான் பின்னால் எல்லா இடத்திலும் கேட்பார்கள்: அடித்தவர்கள் எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதனால் அடித்தார்கள், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு. "தெரிந்த நபர்கள் 3 பேர், லத்தியால், இன்ன காவல் நிலையத்தில், நேற்று இரவு 11 மணி" என்று பதிவானால் உங்கள் வழக்குக்குக் கால் முளைத்துவிட்டது. பயத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால், எத்தனை வருடம் கழித்து விசாரணை வந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துப் படிப்பார்.

உள்ளங்காலில் அடித்திருந்தால் வெளியே பெரிதாகத் தெரியாது. அதனால் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிக் காட்டி, இங்கே அடித்தார்கள், ஊன்றினால் வலிக்கிறது என்று சொல்லி எழுத வையுங்கள். போட்டோ எடுக்கும்போது முகமும் காயமும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி ஒன்று, காயத்தைக் கிட்டத்தில் ஒன்று எடுங்கள். முகம் இல்லாத போட்டோவைப் பார்த்து "இது யார் முதுகு" என்று கேட்பார்கள். அடுத்தடுத்த நாளும் எடுங்கள், காயத்தின் நிறம் மாறுவதும் ஒரு சாட்சிதான்.

ரிமாண்டுக்குப் போகிறவர் என்றால் இரண்டு இடத்தில் வாயைத் திறக்க வேண்டும். ரிமாண்டுக்கு முன் போலீஸ் கூட்டிப்போகும் டாக்டரிடம் ஒரு தடவை, மாஜிஸ்திரேட்டிடம் ஒரு தடவை. மாஜிஸ்திரேட் கேட்காவிட்டாலும் "என்னை அடித்தார்கள், இங்கே காயம்" என்று சொல்ல வேண்டும். பைசா செலவில்லாமல் கிடைக்கும் வாய்ப்பு இது. போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கும்போது சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த நேரத்தில் ஒரு வக்கீல் கோர்ட்டில் இருந்தால் நல்லது என்று சொல்கிறேன்.

இன்னொன்று, சி.சி.டி.வி. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், எப்படிப் பார்த்தாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவு போட்டது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, ஸ்டேஷனுக்கு நேரில் போன மாஜிஸ்திரேட், பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அதனால் சம்பவம் நடந்த மறுநாளே, தேதியும் நேரமும் போட்டு, அந்த நேரத்துப் பதிவைப் பாதுகாத்து வைக்கக் கோரி எஸ்.பி.க்கு ஒரு கடிதமும் இ-மெயிலும் அனுப்பிவிடுங்கள். இல்லை என்று பிறகு சொன்னால், கேட்ட பிறகும் ஏன் இல்லாமல் போனது என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

உயர் நீதிமன்றம்: ஆள் உள்ளே இருந்தால்

ஆள் எங்கே என்று தெரியவில்லை, அல்லது ஸ்டேஷனில் இருக்கிறார் ஆனால் கைது காட்டவில்லை, 24 மணி நேரம் தாண்டிவிட்டது. இந்த நிலைமைக்கு, ஆளைக் கோர்ட்டின் முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும், அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழான ஆட்கொணர்வு மனுதான் சரியான மருந்து. கடலூர், புதுச்சேரி, காரைக்கால் மூன்றுக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். மதுரைக் கிளைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை.

இதன் வலிமையை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தில் திருட்டு வழக்கு என்று சொல்லி ஒருவரைப் பிடித்துக் கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள், பிறகு அவர் தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர் மனைவிக்காக அப்போது வக்கீலாக இருந்த கே. சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டார். ஆள் ஓடவில்லை, ஸ்டேஷனிலேயே அடிபட்டு இறந்துவிட்டார் என்ற உண்மை அந்த மனுவின் வழியாகத்தான் வெளியே வந்தது. பிற்பாடு அது 'ஜெய் பீம்' படமாகவும் வந்து எல்லோருக்கும் தெரிந்த கதையாகிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், போலீஸ்காரர்கள் மீதான குற்ற வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2006 ஆகிவிட்டது. உண்மையை வெளியே கொண்டுவர ஒரு கதவு, தண்டனை வாங்க இன்னொரு கதவு. இரண்டாவது நீண்ட வழி.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், மனுவின் நகல் அரசு வக்கீல் கைக்குப் போனதுமே போன்கள் பறக்கும். பல நேரம் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் ஆளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்திவிடுவார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நல்லதுதான். ஆனால் "ஆள் கிடைத்துவிட்டார்" என்று மனுவை முடித்துவிடுவார்கள், உள்ளே வாங்கிய அடிக்கு அந்த மனுவில் பதில் கிடைக்காது. அதற்குத் தனியாகப் போக வேண்டும். இன்னொன்று, அன்று காலையில்தான் பஸ் ஸ்டாண்டில் சந்தேகப்படும்படி நின்றவரைப் பிடித்தோம் என்று கைது நேரத்தை மாற்றி எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. இதை உடைக்க ஒரே வழி, ஆளைக் கூட்டிப்போன சில மணி நேரத்துக்குள் நீங்கள் ஒரு நேர முத்திரையை உண்டாக்கி வைப்பது. முன்பெல்லாம் வக்கீல்கள் தந்தி அடிப்பார்கள், 2013-ல் அந்தச் சேவை நின்றுபோனது, இப்போது எஸ்.பி.க்கு அனுப்பும் இ-மெயிலும் 112-க்குப் பண்ணும் போனும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. போன் பண்ணிய நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இழப்பீட்டுக்காக உயர் நீதிமன்றம் போகலாமா? போகலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1983-லேயே தொடங்கி வைத்தது, விடுதலையான பிறகும் 14 வருடம் பீகார் சிறையில் கிடந்தவருக்கு 35,000 ரூபாய் கிடைத்தது. 1993-ல் ஒடிசாவில் மகனைக் காவலில் இழந்த ஒரு தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்து ஒன்றரை லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் இவையெல்லாம் உண்மை என்ன என்பது ஆவணத்திலேயே தெளிவாக இருந்த வழக்குகள். "அடித்தார்கள்" என்று நீங்களும் "தொடவே இல்லை" என்று அவர்களும் அஃபிடவிட் போட்டால், உயர் நீதிமன்றத்தில் இப்படி நேராகப் போடும் ரிட் மனுவில் சாட்சி விசாரித்து முடிவு செய்ய முடியாது, வேறு இடத்துக்குப் போங்கள் என்று சொல்ல வாய்ப்பு அதிகம். சென்னை வக்கீல், போக்குவரத்து, அரசுத் தரப்பு கவுன்டர், அதாவது பதில் மனு, போடவே மாதங்கள் ஆகும் தாமதம், எல்லாம் உங்கள் கணக்கில்.

மாஜிஸ்திரேட்: பக்கத்திலேயே இருந்தும் மறந்துபோகும் கதவு

ஆட்கொணர்வு என்றாலே சென்னை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரைத் தேட வாரன்ட் கொடுக்கும் அதிகாரம் நம் ஊர் மாஜிஸ்திரேட்டுக்கும் உண்டு. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 100-வது பிரிவு அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 97. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட், உட்கோட்ட மாஜிஸ்திரேட், மாவட்ட மாஜிஸ்திரேட், யாரிடமும் கேட்கலாம். உள்ளூர் வக்கீல்கள் ஏன் இதை அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம். அதே ஸ்டேஷனோடு தினமும் புழங்க வேண்டியிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். நெய்வேலியிலோ சிதம்பரத்திலோ ஆளைப் பிடித்து வைத்திருக்கும்போது, சென்னையில் வக்கீல் பிடித்து மனு தயாராவதற்குள் இங்கே ஒரு மனு போட்டுவிட முடியும். மாஜிஸ்திரேட் உத்தரவு போடாவிட்டால் ஹைகோர்ட் போக எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது பயன், தண்டனை. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பிவிட்டு, அதன் ரசீதோடு மாஜிஸ்திரேட்டிடம் போய் வழக்குப் பதிய உத்தரவு கேட்கலாம், அல்லது போலீஸ் இல்லாமல் நீங்களே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கும் பிரைவேட் கம்ப்ளைன்ட் போட்டு நேரடியாகச் சாட்சி சொல்லலாம். இதில் முன்பு இல்லாத தடைகளைப் புதுச் சட்டம் சேர்த்திருக்கிறது. அரசு ஊழியர் பணியின்போது செய்ததாகச் சொல்லப்படும் புகார் என்றால், மேலதிகாரியின் அறிக்கையை வாங்கி, அந்த ஊழியர் சொல்வதையும் கேட்ட பிறகே மாஜிஸ்திரேட் மேலே போக முடியும். அதாவது வழக்கு பிறக்கும் முன்பே எதிர்த்தரப்பு உங்கள் ஆவணங்களைப் பார்த்துவிடும். சமாதானம் பேச ஆள் வருவது, கூடவே இருந்த பையன் மேல் திடீரென ஒரு பழைய கேஸ் கிளம்புவது, எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடக்கும். வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வாதமும் வரும். ஸ்டேஷனில் அடிப்பது கடமையின் பகுதி இல்லை என்று உங்கள் வக்கீல் வாதாட வேண்டியிருக்கும்.

காலக்கெடுவை இங்கே நன்றாகப் பாருங்கள். சாதாரணக் காயம், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் போன்ற ஒரு வருடத் தண்டனைக் குற்றங்களுக்கு ஒரு வருடத்துக்குள் புகார் வந்தாக வேண்டும். ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்தது என்றால் அது வேறு பிரிவு, ஏழு வருடம் வரை தண்டனை, அதற்கு இந்தக் கெடு இல்லை. அதனால் எதற்காக அடித்தார்கள், அடிக்கும்போது என்ன கேட்டார்கள் என்பதைப் புகாரில் வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். "நகையை எங்கடா வெச்ச" என்று கேட்டு அடித்தார்கள் என்ற ஒரு வரி வழக்கின் எடையையே மாற்றிவிடும்.

ஏ.ஆர். தெளிவாக இருந்து, போலீஸுக்கும் உங்களுக்கும் வேண்டாத மூன்றாம் மனிதர் ஒருவராவது கண்ணால் பார்த்திருந்து, வருடக்கணக்கில் நிற்கும் தெம்பு குடும்பத்துக்கு இருந்தால், தண்டனை கேட்டு இந்த வழியில் போங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் தயங்குவேன்.

மனித உரிமை ஆணையம்: இழப்பீடும் பதிவும்

1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது இது. தமிழ்நாட்டு ஆணையம் 1997-லிருந்து சென்னையில் இயங்குகிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, தமிழில் எழுதலாம், தபாலில் போதும். ஏழைக் குடும்பத்துக்கு இவ்வளவு எளிதான கதவு வேறு இல்லை, அதற்காகவே நான் இதை மதிக்கிறேன்.

ஆனால் ஆணையம் யாரையும் இன்று மாலைக்குள் விடுவிக்காது. மனு போய்ச் சேர்ந்து, எண் போட்டு, எஸ்.பி.யிடம் அறிக்கை கேட்டு, அது வந்து, உங்களுக்கு அனுப்பி உங்கள் பதிலைக் கேட்டு என்று போகும். அந்த அறிக்கையில் "புகாரில் உண்மை இல்லை" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்த்து மனம் உடைந்து பதில் எழுதாமல் விட்டவர்கள் நிறைய. தயவுசெய்து விடாதீர்கள், பதில் போகாவிட்டால் அந்த அறிக்கையை வைத்தே புகாரை முடித்துவிடுவார்கள். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு பொய்க்கும் எதிராக ஏ.ஆர். நகல், போன் நேரம், போட்டோ என்று ஆவணத்தை வைத்துப் பதில் எழுதுங்கள்.

சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும். அதே விஷயம் கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் ஆணையம் கையை எடுத்துக்கொள்ளும். மாநில ஆணையத்தில் இருப்பதைத் தேசிய ஆணையம் தொடாது, அதனால் இரண்டுக்கும் சேர்த்து அனுப்புவதில் பலன் இல்லை. ஆணையத்துக்குப் போய்விட்டு அப்புறம் கோர்ட்டுக்குப் போக வழி உண்டு, கோர்ட்டுக்குப் போய்விட்டு ஆணையத்துக்கு வந்தால் வாசலிலேயே திருப்பி விடுவார்கள்.

ஆணையம் சொன்னால் அரசு கேட்குமா? சட்டத்தில் பரிந்துரை என்றுதான் இருக்கிறது, அதைக் காட்டி வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு சொன்னது. கொடுத்த பணத்தைத் தவறு செய்த அதிகாரியிடம் பிடித்தம் செய்யவும் வழி உண்டு. பெரிய முன்னேற்றம் இது. கூடவே ஒரு மறைமுகச் செலவும் வந்துவிட்டது. பரிந்துரை கட்டுப்படுத்தும் என்பதால், சம்பந்தப்பட்ட போலீஸ்காரர் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுத் தடை வாங்கப் பார்ப்பார். அதில் நீங்களும் எதிர்மனுதாரர். நோட்டீஸ் வரும், நீங்கள் ஆஜராகாமல் விட்டால் உங்கள் குரல் இல்லாமலே விசாரணை நடக்கும். வக்கீல் செலவில்லாமல் தொடங்கிய வழக்கு சென்னை வக்கீலில் வந்து நிற்கும்.

இன்னொரு செலவு, கண்ணுக்குத் தெரியாதது. ஆணையத்தில் காத்திருக்கும் மாதங்களில் மேலே சொன்ன ஒரு வருடக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணக் காயம் என்றால், ஆணையம் முடிக்கட்டும் பிறகு கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். காலதாமதத்தை மன்னிக்கக் கேட்க இடமுண்டு என்றாலும் அதை நம்பி உட்காருவது ஆபத்து. பத்தாவது மாதத்தில் ஒரு வக்கீலோடு உட்கார்ந்து, எது வேண்டும், இழப்பீடா தண்டனையா என்று முடிவெடுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு: தனி மாநில ஆணையம் உங்களுக்குக் கிடையாது, டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்கு எழுதுங்கள். தமிழில் எழுதலாம், இணையத்திலும் பதியலாம். யூனியன் பிரதேசங்களின் பணியை ஒரு மாநில ஆணையத்திடம் ஒப்படைக்க 1993 சட்டத்தில் செய்த 2019 திருத்தம் மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது, வந்த மனுவை மாநில ஆணையத்துக்கு மாற்றவும் தேசிய ஆணையத்தால் முடியும். அப்படி மாற்றியதாகக் கடிதம் வந்தால் தள்ளுபடி என்று நினைத்துவிடாதீர்கள், புது எண்ணைக் குறித்துக்கொண்டு தொடருங்கள்.

போலீஸ் புகார் ஆணையம்: கடலூரில் ஒன்று, புதுச்சேரியில் வேறொன்று

2006-ல் உச்ச நீதிமன்றம் போலீஸ் சீர்திருத்த வழக்கில், போலீஸ் மேலான புகாரை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்றது. புதுச்சேரியில் அந்த மாதிரியே அமைத்தார்கள். தமிழ்நாடு 2013-ல் கொண்டுவந்த சட்டத்தில் மாநில அளவில் உள்துறைச் செயலாளர் தலைவர், மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எஸ்.பி.யின் கீழ் வேலை செய்கிறவர் மேல் புகார், அதைக் கேட்க எஸ்.பி.யே உட்கார்ந்திருக்கிறார். கடலூர்க்காரர்களுக்கு நான் இதை முதல் கதவாகச் சொல்ல மாட்டேன். புதுச்சேரியில், எஃப்.ஐ.ஆர். போட மறுப்பது, ஸ்டேஷனில் மரியாதையில்லாமல் நடத்துவது, துறை நடவடிக்கை வேண்டும் என்பது போன்றவற்றுக்குப் போய்ப் பார்க்கலாம்.

மனித உரிமை நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்

மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டை மனித உரிமை நீதிமன்றமாக அறிவிக்க 1993 சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆனால் எந்தெந்தக் குற்றம் மனித உரிமை மீறல் குற்றம், விசாரணை முறை என்ன என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை. அதனால் பெயர்ப் பலகையைப் பார்த்து நேராக அங்கே போகாதீர்கள், மாஜிஸ்திரேட் வழிதான் நடைமுறை.

உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போக வைக்கும் 32-வது பிரிவைத்தான் அம்பேத்கர் அரசியல் சட்டத்தின் இதயம் என்றார். அந்த உரிமை இருக்கிறது, ஆனால் தனி மனிதரின் காவல் வழக்கு என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றுதான் இன்று பெரும்பாலும் சொல்கிறார்கள்.

நிலைமைக்கு ஏற்ற கதவு

| நிலைமை | முதலில் | கூடவே |
|---|---|---|
| ஆள் உள்ளே, கைது காட்டவில்லை | எஸ்.பி.க்கு இ-மெயில், மாஜிஸ்திரேட்டிடம் 100-வது பிரிவு மனு | அன்றே ஆட்கொணர்வு மனுவுக்குத் தயார் |
| ரிமாண்ட் ஆகிவிட்டார், காயம் இருக்கிறது | மாஜிஸ்திரேட்டிடம் சொல்வது, மருத்துவப் பரிசோதனை கேட்பது | பிறகு ஆணையம் |
| வீட்டுக்கு வந்துவிட்டார், சாட்சி பலவீனம் | ஆணையம் | பத்தாவது மாதத்தில் மறுபரிசீலனை |
| வீட்டுக்கு வந்துவிட்டார், ஏ.ஆரும் வெளிச் சாட்சியும் வலு | மாஜிஸ்திரேட்டிடம் புகார் | இழப்பீட்டுக்குப் பின்னர் ரிட் |
| காவலில் மரணம் | உயர் நீதிமன்றம் | மாஜிஸ்திரேட் விசாரணையில் குடும்பத்தின் வாக்குமூலம், பிரேதப் பரிசோதனை வீடியோ |

எல்லைப் பிரச்சனை

நம் ஊரில் மட்டும் வரும் சிக்கல் இது. பாகூர்க்காரரை ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பிடித்தார்கள், அடித்தது கடலூர் போலீஸ். இவர் தமிழ்நாட்டு ஆணையத்துக்குத்தான் எழுத வேண்டும். புதுச்சேரிக்கு வேலைக்குப் போன கடலூர்க்காரரை அங்கே அடித்தால் டெல்லி. ஆதாரில் எந்த ஊர் இருக்கிறது என்பது கணக்கில்லை, எந்த அரசின் போலீஸ் கை வைத்தது என்பதுதான் கணக்கு. மாஜிஸ்திரேட் கோர்ட்டும் சம்பவம் நடந்த இடத்தைப் பொறுத்ததே. உயர் நீதிமன்றம் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்று, எந்தப் போலீஸ் என்பதே குழப்பமாக இருந்தால் அதுவே பாதுகாப்பான வழி.

அடிபட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால், அடித்தவர் அந்தப் பிரிவைச் சேராதவர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் புகாரில் சேருங்கள். டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும், நிவாரணத் தொகை கட்டம் கட்டமாகத் தீர்ப்புக்கு முன்பே கிடைக்கத் தொடங்கும். புதுச்சேரி இருளர் மக்கள் 2016-ல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள், அங்கே சாதிச் சான்றிதழ் கையில் இல்லாத குடும்பங்கள் இருந்தால் அதற்கும் சேர்த்தே மனு கொடுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்பவர்கள் 15100-க்குப் போன் பண்ணுங்கள், அல்லது மாவட்டக் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கு வருமான வரம்பே பார்க்க மாட்டார்கள். ஆணையத்தின் பரிந்துரையை எதிர்த்துப் போலீஸ்காரர் ரிட் போட்டு நோட்டீஸ் வந்தால், உயர் நீதிமன்றத்துக்கென்று சென்னையில் தனியாக ஒரு சட்டப் பணிகள் குழு இருக்கிறது, அங்கே வக்கீல் கேட்கலாம். நோட்டீஸ், ஆணையத்தின் உத்தரவு, ஏ.ஆர். நகல், மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.